பள்ளி வளாகத்து வளைகள்: அடைக்கும் முன் படிப்போம்

‘மோல்’ என்றதும் 10-ஆம் வகுப்பு மாணவருக்கு வேதியியல் நினைவுக்கு வரும். 6.022 × 10²³ துகள்களைக் கொண்ட அளவு அது. ஆங்கில அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்கு உடம்பில் உள்ள மச்சம் என்றும் ஒரு பொருள் இருக்கும். மூன்றாவது பொருள், மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் ஒரு சிறு பாலூட்டி. ஆங்கிலக் கதைகளில் இந்த விலங்கு வரும்போது, “எலி மாதிரி ஒண்ணு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எங்கள் 7-ஆம் வகுப்பில் ஒரு மாணவி அதோடு விடவில்லை. “அப்போ நம்ம கிரவுண்டுல மண்ணைத் தள்ளி வெச்சிருக்கறது அதுதானுங்களா சார்?” என்று கேட்டாள்.

அது மோல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் அறிவியல், கணக்கு, சுகாதாரம், பள்ளிப் பாதுகாப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. எந்தச் செலவும் இல்லாத ஆய்வகம் நம் மைதானத்திலேயே இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இந்தக் கட்டுரை.

மோல் எங்கே இருக்கிறது?

ஐரோப்பாவில் வாழும் மோல் நம் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. கண்கள் மிகச் சிறியவை. முன்னங்கால்கள் வெளிப்புறம் திரும்பி, மண்வெட்டி போல அகன்றிருக்கும். கருப்பு வெல்வெட் போன்ற மென்மயிர் எந்தப் பக்கம் தடவினாலும் படியும். அதனால் குறுகிய சுரங்கத்தில் முன்னும் பின்னும் தடையின்றி நகர முடிகிறது. அதன் முக்கிய உணவு மண்புழு. புல்லையோ வேரையோ அது தின்பதில்லை. ஆனாலும் புல்தரை வளர்ப்பவர்கள் அதை விரும்புவதில்லை. தோண்டிய மண்ணை அது மேலே தள்ளுவதால் பசும்புல் நடுவே மண்குவியல்கள் எழும். சுரங்கத்தின் மேலுள்ள புல்லின் வேர் காற்றில் தொங்கிக் காய்ந்துவிடும்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் 1702-இல் குதிரையிலிருந்து விழுந்து காயமடைந்து, சில நாட்களில் இறந்தார். மோல் தள்ளிய மண்குவியலில் குதிரை இடறியதே காரணம் என்று சொல்வார்கள். வரலாற்று வகுப்பில் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி இது.

இந்தியாவில் மோல் டார்ஜிலிங், சிக்கிம் தொடங்கி வடகிழக்கு மாநிலங்கள் வரை உள்ள இமயமலைப் பகுதிகளில் உண்டு. தென்னிந்தியாவில் இல்லை. அப்படியானால் திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி முகப்பில் வளர்க்கும் புல்தரையையும், நம் பள்ளி மைதானத்தையும் தோண்டுவது யார்?

நம் மண்ணைத் தோண்டுவோர்

முதலில் பிள்ளைப்பூச்சி. ‘பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்டது போல’ என்ற பழமொழியைத் தாத்தா பாட்டி வாயில் மாணவர்கள் கேட்டிருப்பார்கள்; பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஈரமான புல்தரையில் விரல் தடிமனில் மண் நீளவாக்கில் மேலெழுந்திருந்தால் அது பெரும்பாலும் பிள்ளைப்பூச்சியின் வழி. அதன் முன்னங்காலை உருப்பெருக்கியில் பார்த்தால் மோலின் கை அப்படியே தெரியும். ஒன்று பூச்சி, மற்றொன்று பாலூட்டி, உறவே இல்லை. ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்று என்பதால் கருவியும் ஒன்றுபோல் அமைந்திருக்கிறது. பரிணாமத்தில் இதைக் குவி பரிணாமம் என்கிறோம். வரையறையை மனப்பாடம் செய்வதை விட இந்தக் காலைப் பார்ப்பது நன்றாக மனதில் நிற்கும்.

அடுத்து மூஞ்சூறு. மோலுக்கு நம் ஊரில் உள்ள நெருங்கிய உறவு இதுதான். நீண்ட கூரிய மூக்கு, சிறு கண், ஒருவித நாற்றம், ‘கீச் கீச்’ என்ற ஒலி. எலியைப் போலக் கொறிக்கும் பல் இதற்கு இல்லை. கரப்பான், புழு, பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. துணியைக் கடிப்பதும் தானியத்தைத் திருடுவதும் இதன் வேலை அல்ல. ஆனால் எலிக்கு வைக்கும் பொறியிலும் மருந்திலும் இதுவும் சேர்ந்து சாகிறது.

மூன்றாவதுதான் உண்மையான சுரங்கக்காரர்: கொறிக்கும் இனம். எங்கள் பக்கம் எலி வளையை ‘வங்கு’ என்பார்கள். வங்கு வைப்பவை ஒரே வகை அல்ல.

கரம்பை எலி: வயல் வரப்பு, வாய்க்கால் கரை, மைதான ஓரம் ஆகியவற்றில் வாழும். வாசலில் புது மண்ணைக் குவித்து, பல நேரம் அந்த மண்ணாலேயே வாசலை அடைத்து வைக்கும். உள்ளே கிளை வழிகளும், தானியம் சேர்க்கும் அறையும், குட்டி வளர்க்கும் அறையும் இருக்கும். மோலைப் போலவே மண் தள்ளுவதால் ஆங்கிலத்தில் இதை ‘மோல் எலி’ என்றும் அழைக்கிறார்கள்.

வெள்ளெலி: காய்ந்த மானாவாரி நிலத்திலும் வேலியோரத்திலும் இருக்கும். வயிறு வெளுத்து, வால் நுனியில் மயிர்க்கற்றையுடன் காணப்படும். துள்ளித் துள்ளி ஓடும்.

வயல் சுண்டெலி: ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள சிறிய துளை. அருகில் பொடிப்பொடியான மண் உருண்டைகள் கிடக்கும்.

பெருச்சாளி: கட்டடத்தின் அடித்தளம், சாக்கடை ஓரம், சுற்றுச்சுவர் ஆகிய இடங்களில் பெரிய துளையாக இருக்கும்.

இவற்றோடு, வறண்ட மணலில் புனல் போலக் குழி வைக்கும் குழியானை, சுருள் சுருளாக மண் கக்கும் மண்புழு, எறும்பு, கரையான் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு மைதானம் முழுப் பாடநூலாகிவிடும்.

துளையால் என்ன கேடு?

“ஒரு எலி எவ்வளவு மண்ணை எடுத்துவிடும்?” என்று மாணவர்களிடம் ஊகிக்கச் சொல்லுங்கள். “ஒரு கைப்பிடி” என்பார்கள். பிறகு 10-ஆம் வகுப்பு அளவியல் சூத்திரத்தைப் போடலாம். 7 செ.மீ. விட்டமும் 5 மீட்டர் நீளமும் உள்ள உருளை வடிவச் சுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 3.5 செ.மீ., நீளம் 500 செ.மீ.

கன அளவு = 22/7 × 3.5 × 3.5 × 500 = 19,250 கன செ.மீ.

அதாவது 19 லிட்டருக்கும் மேல். வகுப்பறை மூலையில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டுங்கள். அந்தக் கேன் அளவு வெற்றிடம் தரைக்கு அடியில் இருக்கிறது என்றால் சுவர் ஏன் விரிசல் விடுகிறது, ஓடும் பிள்ளையின் கால் ஏன் உள்ளே இறங்குகிறது என்று விளக்க வேண்டியதே இல்லை.

நீர் சேர்ந்தால் கேடு இன்னும் வேகமாகும். திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பி.ஏ.பி. வாய்க்கால் தெரியும். கரையில் உள்ள ஒரு வங்கு வழியாக நீர் கசியத் தொடங்கினால், ஓடும் நீர் துளையின் சுவரையும் அரித்துக்கொண்டே போகும். துளை அகல அகல நீர் கூடும். நீர் கூடக் கூட அரிப்பும் கூடும். கடைசியில் கரை உடைகிறது. இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு தட்டின் குறுக்கே ஈரமண்ணால் இரண்டு சிறு கரைகள் கட்டுங்கள். ஒன்றில் மட்டும் பென்சிலால் ஒரு துளை போடுங்கள். இரண்டுக்கும் பின்னால் ஒரே அளவு நீர் ஊற்றி, எது முதலில் உடைகிறது என்று நேரம் குறிக்கச் சொல்லுங்கள். வயல் வரப்பை அகலமாக வைக்காமல் சிறிதாக அமைக்கும்படி வேளாண் துறையினர் ஏன் சொல்கிறார்கள் என்பதும் இதன்பின் புரியும். வங்கு வைக்க இடம் தராத வரப்பு அது.

மூன்றாவது கேடுதான் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது. ‘கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல’ என்கிறோம். எலி வளைக்கும் இது பொருந்தும். நாகம் வளை தோண்டுவதில்லை. எலியைத் தேடி வந்து எலியின் வளையிலேயே தங்கிவிடும். 2019 நவம்பரில் நமக்குப் பக்கத்தில் உள்ள வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில், ஓர் அரசுப் பள்ளி வகுப்பறைத் தரையில் இருந்த துளைக்குள் ஒரு சிறுமியின் கால் பட்டது. உள்ளே இருந்த பாம்பு கடித்து அந்த 5-ஆம் வகுப்பு மாணவி உயிரிழந்தார். கேரளம் முழுதும் பள்ளி வளாகங்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வி அப்போது எழுந்தது. நம் வகுப்பறைக் கதவோரத்தில் ஒரு துளை இருந்தால், அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் செய்தி அல்ல.

மருந்து ஏன் முதல் வழி அல்ல?

துளையைக் கண்டதும் “கடையில் மருந்து வாங்கி வெச்சிடலாம்” என்ற யோசனைதான் முதலில் வருகிறது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பகுதியில் ஒரு வீட்டில் எலி மருந்து வைக்கப்பட்டது. அந்த வீட்டின் இரண்டு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கல்லீரலைச் சிதைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நஞ்சுக்கு வேலை இல்லை.

நஞ்சு எலியோடு நிற்பதும் இல்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலி எளிதில் பிடிபடும். அதைப் பிடிப்பது ஆந்தையும் கூகையும் தெருப்பூனையும்தான். சம்பளம் வாங்காமல் இரவு முழுதும் எலி பிடிக்கும் கூகையை நாமே ஒழித்துவிட்டு, அடுத்த ஆண்டு எலி கூடிவிட்டது என்று வருந்துகிறோம். “ஆந்தை அலறினால் ஆகாது” என்ற பேச்சு வீட்டில் இருக்கும். கடிந்து பேசாமல், அது நேற்று இரவு என்ன சாப்பிட்டிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

மோல் நாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் மோலைக் கொல்ல ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். நம் எட்டி மரத்தின் விதையில் இருக்கும் அதே நஞ்சு அது. 2006-இல் அந்தப் பயன்பாடு அங்கே தடை செய்யப்பட்டது.

ஐந்து நாள் செயல்பாடு

தொடங்கும் முன் மூன்று விதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். எந்தத் துளையிலும் கையோ காலோ குச்சியோ விடக்கூடாது. செருப்பு இல்லாமல் யாரும் வரக்கூடாது. துளையிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் காலில் உள்ள சிறு காயம் பட்டாலே எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதைக் காரணத்தோடு சொன்னால், விதியை அவர்களே ஒருவருக்கொருவர் நினைவூட்டுவார்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

முதல் நாள்: பள்ளி வளாகத்தின் வரைபடத்தை மாணவர்களே காலடியால் அளந்து வரையட்டும். சமையல் கூடம், கை கழுவும் இடம், தண்ணீர்த் தொட்டி, குப்பைக் குழி, கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பிறகு துளைகளைப் புள்ளியிடட்டும்.

இரண்டாம் நாள்: ஒவ்வொரு துளைக்கும் எண் கொடுத்து ஒரு குறிப்பு எழுதட்டும். தொலைவிலிருந்து மதிப்பிட்ட அகலம், வாசலில் புது மண் உண்டா, திறந்திருக்கிறதா, அருகில் எச்சமோ, கடித்த மக்காச்சோளமோ, துணித்துண்டோ கிடக்கிறதா? நம் ஊரில் கடைசிக் கேள்வி முக்கியம். பனியன் கம்பெனியின் வெட்டுத்துணி எங்கும் கிடைக்கிறது. எலிக்கு அது மெத்தை. பழைய வேஸ்ட் துணி மூட்டை கிடக்கும் அறையை முதலில் பாருங்கள்.

மூன்றாம் நாள் மாலை: பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, கால் முழுதும் மூடிய செருப்பும் கையுறையும் அணிந்த பெரியவர் ஒருவர் நீண்ட மண்வெட்டியால் துளைகளை மண்ணிட்டு மூட வேண்டும். புது மண் இல்லாமல் விளிம்பு வழவழப்பாக இருக்கும் பழைய துளையைத் தொட வேண்டாம். பாம்பு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.

நான்காம் நாள் காலை: மூடியவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். வயலில் எலி நடமாட்டத்தைக் கணக்கிட வேளாண் துறையினர் கையாளும் முறையும் இதுவே. எடுத்துக்காட்டாக, 20 துளைகளை மூடி 7 திறந்திருந்தால் 35 விழுக்காடு வளைகளில் மட்டுமே இப்போது எலி இருக்கிறது. 20 துளை என்றால் 20 எலி என்று எண்ணியவர்கள் இங்கே திருத்திக்கொள்வார்கள். ஒரே எலிக்குப் பல வாசல்கள் இருக்கும்.

ஐந்தாம் நாள்: திறந்த துளைகளை மட்டும் சிவப்பில் வரைபடத்தில் குறியுங்கள். அவை எதன் அருகே கூடி நிற்கின்றன? காலை உணவும் மதிய உணவும் முடிந்து தட்டு கழுவும் இடம், சிந்திய சோறு தேங்கும் வாய்க்கால், மூடாத குப்பைக் குழி ஆகிய மூன்றையும் பிள்ளைகளே சுட்டிக் காட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் நாம் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். குழியானைக் குழியையும் மண்புழுச் சுருளையும் பார்த்துப் படம் வரைந்தால் போதும். உயர்நிலை வகுப்பினர் மக்காச்சோளம், எலி, சாரைப்பாம்பு, கூகை ஆகியவற்றைக் கொண்டு உணவுவலை வரைந்து, நடுவில் எலி மருந்தை வைத்தால் எந்தெந்த அம்பு அறும் என்று விவாதிக்கலாம்.

வகுப்பில் யார் பேசினார்கள்

இந்தச் செயல்பாட்டில் நான் கவனித்தது ஒன்று. வழக்கமாகக் கை தூக்காதவர்கள் பேசினார்கள். தாத்தாவோடு மக்காச்சோளக் காட்டில் இரவுக் காவலுக்குப் போகும் மாணவன், “புது மண்ணு ஈரமா இருந்தா ராத்திரிதான் தோண்டியிருக்குதுங்க சார்” என்றான். அப்பா கம்பெனி குடோனில் வேலை செய்யும் மாணவி, துணி ரோலை ஏன் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குகிறார்கள் என்று விளக்கினாள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், தமிழில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவன், எலியின் படத்தைக் காட்டியதும் “மூசா” என்றான். “டேய், மூஷிக வாகனம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளையார் வழியாக இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அன்றைக்கு அவன் வரைபடக் குழுவில் சேர்ந்தான்.

அறிக்கை யாருக்கு?

வரைபடம் சுவரில் தொங்கினால் மட்டும் பயன் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே அதை வாசிக்கட்டும். கேட்பவை சிறியவையாக இருக்கட்டும்: குப்பைக் குழிக்கு மூடி, கை கழுவும் வாய்க்காலுக்குக் கம்பிவலை, வகுப்பறைத் தரையிலும் கதவடியிலும் உள்ள ஓட்டைகளுக்கு ஜல்லியும் சிமெண்டும், சுவரோரப் புதர் நீக்கம், அரிசி மூட்டைக்கு மரப்பலகை, பழைய துணி மூட்டைகளை அகற்றுதல். பென்சில் நுழையும் இடைவெளியிலேயே சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால் ‘சின்ன ஓட்டைதானே’ என்று விட வேண்டாம். இவை முடிந்த பின்னும் எலி குறையாவிட்டால் பொறி வைக்கலாம். அதையும் பெரியவர்களே கையாள வேண்டும்.

எண்ணுவதை ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை, அறுவடைக் காலத்தில் ஒருமுறை எண்ணி, மூன்று வரைபடங்களையும் அடுத்தடுத்து மாட்டுங்கள். சிவப்புப் புள்ளி எங்கே குறைந்திருக்கிறது, எங்கே இடம் மாறியிருக்கிறது என்று அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதிலிருந்து தொடங்கும். வகுப்பறைக்குள் உள்ள துளை மட்டும் அந்த அட்டவணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.